6.5 கிரீட்மோரா, 7 பி.ஆர்.சி.யா? அமெரிக்க வேட்டையாளர்களின் தோட்டாச் சண்டையில் எண்கள் சொல்வது என்ன?

கொலராடோவில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. அக்டோபர் மாதம் ஆபீஸ் காலெண்டரில் திடீரென நாலைந்து பேர் ஒரே வாரத்தில் லீவு போட்டிருப்பார்கள். தீபாவளிக்காக இல்லை, எல்க் வேட்டை சீசனுக்காக.

அந்த வாரத்துக்கு முன்பு காபி மெஷின் பக்கம் போனால் ஒரு சண்டை காதில் விழும். "இன்னும் அந்தப் பழைய .270-தானா? 7 பி.ஆர்.சி.க்கு மாறலையா?" "6.5 கிரீட்மோர் போதும்பா, மத்ததெல்லாம் விளம்பரம்." ஐபோன், ஆண்ட்ராய்டு சண்டை மாதிரியே இருக்கும். வித்தியாசம் ஒன்றுதான். தப்பான போன் வாங்கினால் நமக்கு எரிச்சல், அவ்வளவுதான். இங்கே முடிவு தப்பானால், 300 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு உடைந்த காலோடு காட்டுக்குள் ஓடி, சில நாள் கழித்து யார் கண்ணிலும் படாமல் சாகும்.

வேட்டை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பிரச்சினை இல்லை. ஆனால் இந்தத் தோட்டாச் சண்டைக்குள் ஒரு நல்ல டேட்டா கேள்வி ஒளிந்திருக்கிறது: அதிகப் பணம் கொடுத்து வாங்கும் திறன், நம் கையில் வரும்போது உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது? வாங்க, எண்களை வைத்தே பார்க்கலாம்.

இந்தியாவில் குற்றம், அமெரிக்காவில் எப்படிச் சட்டபூர்வம்?

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. 1991 திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்பதே இங்கே கிடையாது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மாநில அரசின் வனவிலங்குத் துறைதான் எந்த இனத்தை, எந்தப் பகுதியில், எந்த வாரத்தில், எத்தனை பேர் வேட்டையாடலாம் என்று தீர்மானிக்கிறது. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது.

கொலராடோவை உதாரணமாக எடுத்துக்கலாம். அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் உள்ள மாநிலம் இது. எல்க் என்றால் நம் கடமானைவிடச் சற்றுப் பெரிய மான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1949 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர் யாராக இருந்தாலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் குற்றம்.

தோட்டாவுக்கும் விதி உண்டு. குண்டின் குறுக்களவு குறைந்தது .24 இன்ச் இருக்க வேண்டும். எல்க் வேட்டைக்குக் குண்டின் எடை குறைந்தது 85 கிரெய்ன். (ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், அதாவது 85 கிரெய்ன் சுமார் 5.5 கிராம்.) 100 கெஜத்தில் குறைந்தது 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். குண்டு உடலில் பட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும்.

இந்த வரம்பைத் தாண்டும் தோட்டாக்கள் கடையில் டஜன் கணக்கில் இருக்கின்றன. குழப்பம் ஆரம்பிப்பது அங்கேதான்.

முதலில் தோட்டா வேறு, குண்டு வேறு

நாம் பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு - இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா, அதாவது கார்ட்ரிட்ஜ். சுட்டதும் பறப்பது குண்டு மட்டும். கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

பெயர்களை நம்பி அளவை யூகிக்காதீங்க. .270 வின்செஸ்டரின் குண்டு உண்மையில் .277 இன்ச். 6.5 கிரீட்மோரின் குண்டு .264 இன்ச். .30-06 என்பதில் உள்ள 06 அளவே இல்லை, அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906-ம் ஆண்டு.

இதில் நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் வருகிறது. குமாவுன் மலைகளில் ஜிம் கார்பெட் பயன்படுத்திய புகழ்பெற்ற ரைஃபிள் .275 ரிக்பி. அது 1892-ல் ஜெர்மனியில் பிறந்த 7x57 மவுசர் தோட்டாவுக்குப் பிரிட்டிஷார் வைத்த பெயர். இன்று 'அதிநவீனம்' என்று விற்கப்படும் 7 எம்.எம். பி.ஆர்.சி.யின் குண்டுக்கும் கார்பெட்டின் குண்டுக்கும் குறுக்களவு ஒன்றேதான்: .284 இன்ச்.

அப்படியென்றால் 130 வருஷத்தில் மாறியது என்ன?

குண்டின் வடிவம் மாறியது

ஷேர் ஆட்டோவின் முகப்பையும் வந்தே பாரத் ரயிலின் முகப்பையும் யோசிச்சுப் பாருங்க. எது காற்றைச் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகும்? குண்டிலும் அதே கதைதான். நீளமாக, கூர்மையாக, வால் பக்கம் சற்றுக் குறுகி இருந்தால் காற்றின் தடை குறையும். இந்தத் திறனை ஒரே எண்ணில் சொல்வதுதான் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், சுருக்கமாக பி.சி. எண் பெரிதானால் வேகம் மெதுவாகத்தான் குறையும், பக்கக் காற்று குண்டைத் தள்ளுவதும் குறையும்.

ஆனால் நீளமான குண்டுக்கு ஒரு பிரச்சினை உண்டு. பம்பரம் வேகமாகச் சுற்றினால்தான் நிற்கும் இல்லையா? குண்டும் அப்படித்தான். பேரலுக்குள் திருகு போல வெட்டியிருக்கும் பள்ளங்கள்தான் அதைச் சுழலவைக்கின்றன. குண்டு நீளமாக ஆக, சுழற்சி வேகமும் கூட வேண்டும்.

.270 வின்செஸ்டர் வந்தது 1925-ல். அதன் பேரல் வழக்கமாக 10 இன்ச்சுக்கு ஒரு சுற்று தரும். அந்தக் காலக் குண்டுகளுக்கு அது தாராளம், இன்றைய மிக நீளமான குண்டுகளுக்குப் போதாது. 1962-ல் வந்த 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னத்துக்கும் இதே சிக்கல்: ஏறத்தாழ 9.5 இன்ச்சுக்கு ஒரு சுற்று.

2007-ல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்திய 6.5 கிரீட்மோர் இதை வேறு கோணத்தில் அணுகியது. இலக்குச் சுடுதல் போட்டிக்காகப் பிறந்த தோட்டா இது. நியூயார்க்கில் 1873-ல் தொடங்கிய பழைய சுடுதளத்தின் பெயர் கிரீட்மோர். கூட்டைக் குட்டையாக்கி, நீளமான குண்டு வெளியே நீட்டிக்கொள்ள இடம் விட்டார்கள். பேரலில் 8 இன்ச்சுக்கு ஒரு சுற்று என்பதை ஆரம்பத்திலேயே வழக்கமாக்கினார்கள். வெடிமருந்து அதிகம் இல்லை, வேகமும் பிரமாதம் இல்லை. ஆனாலும் குண்டு தூரத்தில் சோர்ந்துபோகவில்லை.

அதே யோசனையைப் பெரிய கூட்டில் செய்ததுதான் பி.ஆர்.சி. குடும்பம். 6.5 பி.ஆர்.சி. 2018-லும் 7 எம்.எம். பி.ஆர்.சி. 2022-லும் அமெரிக்கத் தரநிர்ணயப் பட்டியலில் சேர்ந்தன. இடையே 2021-ல் .270-ன் அதே குறுக்களவில் வேகமான சுழற்சியோடு 6.8 வெஸ்டர்ன் வந்தது.

இதுவரை கேட்டால் புதுசே சிறந்தது என்றுதான் தோன்றும். இப்போ எண்களுக்கு வருவோம்.

500 கெஜத்தில் என்ன நடக்கிறது?

ஆறு தோட்டாக்களை எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே வகைக் குண்டு, ஹார்னடியின் இ.எல்.டி.-எக்ஸ். நிறுவனம் வெளியிட்டிருக்கும் ஆரம்ப வேகத்தையும் பி.சி. எண்ணையும் வைத்து ஒரு ஷீட் போட்டேன். தூரம் 500 கெஜம், அதாவது 457 மீட்டர். பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் (16 கி.மீ.) காற்று. கடல் மட்டக் காற்றடர்த்தி. ரீகாயில் எனப்படும் பின்னுதைப்பை 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளுக்குக் கணக்கிட்டேன். எல்லாமே தோராய எண்கள்தான், ஆனால் ஒப்பிடுவதற்குப் போதும்.

- .308 வின்செஸ்டர், 178 கிரெய்ன்: காற்று தள்ளுவது 18 இன்ச். மிஞ்சும் ஆற்றல் 1,370 அடி-பவுண்டு. ரீகாயில் 16 அடி-பவுண்டு.
- .270 வின்செஸ்டர், 145 கிரெய்ன்: 15.5 இன்ச். 1,500. ரீகாயில் 17.
- 6.5 கிரீட்மோர், 143 கிரெய்ன்: 15 இன்ச். 1,310. ரீகாயில் 12.
- 6.5 பி.ஆர்.சி., 143 கிரெய்ன்: 13 இன்ச். 1,610. ரீகாயில் 17.
- .300 வின்செஸ்டர் மேக்னம், 200 கிரெய்ன்: 14.5 இன்ச். 2,050. ரீகாயில் 30.
- 7 எம்.எம். பி.ஆர்.சி., 175 கிரெய்ன்: 11.5 இன்ச். 2,150. ரீகாயில் 25.

முதல் பார்வையில் 7 பி.ஆர்.சி.தான் வெற்றியாளர். 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தைவிடக் குறைவாக உதைக்கிறது, காற்றிலும் குறைவாக விலகுகிறது. 'நவீன' தோட்டாவின் லாபம் உண்மைதான், வெறும் விளம்பரம் இல்லை.

ஆனா இன்னொரு தடவை பாருங்க. கிரீட்மோருக்கும் 7 பி.ஆர்.சி.க்கும் காற்று விலகலில் வித்தியாசம் எவ்வளவு? 3.5 இன்ச். அந்த 3.5 இன்ச்சுக்கு விலை, இரண்டு மடங்கு ரீகாயில்.

300 கெஜத்தில் கணக்குப் போட்டால் கிரீட்மோர் 5 இன்ச் விலகுகிறது, 7 பி.ஆர்.சி. 4 இன்ச். வித்தியாசம் ஒரே ஒரு இன்ச்.

காற்று என்ற பெரிய எதிரி

தூரம் கூடக்கூட குண்டு கீழே இறங்கும். 200 கெஜத்துக்குச் சரிசெய்த கிரீட்மோர் ரைஃபிளில் 500 கெஜத்தில் குண்டு கிட்டத்தட்ட 45 இன்ச் தாழ்ந்து போகும். கேட்கப் பயமாக இருந்தாலும் இது தீர்ந்துவிட்ட பிரச்சினை. லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆப் கணக்குப் போட்டுத் தரும். ஸ்கோப்பில் குமிழைத் திருப்பினால் போதும். ஈர்ப்புவிசை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

காற்று அப்படி இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு வேகம், நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கில் வேறு வேகம், எல்க் நிற்கும் சரிவில் எதிர்த் திசையில்கூட இருக்கலாம். கையில் இருக்கும் கருவி உங்கள் முகத்தில் அடிக்கும் காற்றை மட்டும்தான் அளக்கும். மீதித் தூரத்துக்குப் புல் எப்படி அசைகிறது, இலை எப்படித் திரும்புகிறது என்று பார்த்து யூகிக்க வேண்டியதுதான்.

இந்த யூகம் மணிக்கு 5 மைல் தவறினால் என்ன ஆகும்? 7 பி.ஆர்.சி.யில், 500 கெஜத்தில், 5.7 இன்ச் பிசகும்.

இந்தக் கட்டுரையில் முக்கியமான ஒப்பீடு இதுதான். கிரீட்மோரிலிருந்து 7 பி.ஆர்.சி.க்கு மாறுவதால் கிடைக்கும் லாபம் 3.5 இன்ச். காற்றை 5 மைல் தப்பாகப் படித்தால் போவது 5.7 இன்ச். பணம் கொடுத்து வாங்கிய மொத்த லாபமும் ஒரே தப்பான யூகத்தில் போய், மேலே கடனும் ஏறிவிடுகிறது. கிரீட்மோர் வைத்துக்கொண்டு காற்றைச் சரியாகப் படிப்பவர், மேக்னம் வைத்துக்கொண்டு தப்பாகப் படிப்பவரைவிட நன்றாகச் சுடுவார்.

பிசகு ஏன் முக்கியம்? எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி தோராயமாக 14 முதல் 16 இன்ச் அகலம். வெள்ளைவால் மானுக்கு 8 முதல் 10 இன்ச்தான். நடுவில் குறிவைத்தால், மானில் 5.7 இன்ச் பிசகு அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். வயிற்றில் படும் அல்லது காலில் படும். தொடக்கத்தில் சொன்ன அந்தச் சாவு அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அரை விநாடியில் ஓர் அடி

இன்னொரு எண்ணையும் சேர்த்துக்கோங்க. கிரீட்மோர் குண்டு 500 கெஜம் போக 0.64 விநாடி எடுக்கிறது. 7 பி.ஆர்.சி.க்கு 0.56 விநாடி. அதே 7 பி.ஆர்.சி. 800 கெஜம் போக ஏறத்தாழ ஒரு முழு விநாடி.

மேய்ந்துகொண்டே மெதுவாக நடக்கும் விலங்கு மணிக்கு 3 மைல் வேகம் என்று வைத்துக்கொண்டால், 0.64 விநாடியில் 2.8 அடி நகர்ந்திருக்கும். நீங்கள் விசையை அழுத்தும்போது அது நின்றுகொண்டிருந்தது. குண்டு போய்ச் சேர்வதற்குள் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. இதை எந்த ஆப்பும் கணிக்காது, எந்தத் தோட்டாவும் தீர்க்காது.

1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், அமெரிக்க வேட்டையாளர்களிடம் பெரிய மரியாதை உள்ள அமைப்பு. விலங்கு தன் புலன்களால் ஆபத்தை உணரவே முடியாத தூரத்தில் இருந்து சுடுவது நியாயமான வேட்டை ஆகாது என்பது அவர்கள் நிலைப்பாடு. வேட்டையை எதிர்ப்பவர்கள் சொன்னது இல்லை, வேட்டைச் சாதனைகளுக்குப் பதிவேடு நடத்துபவர்கள் சொன்னது.

அப்போ எப்படித் தேர்வு செய்வது?

கடைக்காரர் பெரும்பாலும் 'எவ்வளவு தூரம் சுடணும்?' என்று ஆரம்பிப்பார். அதைத் தலைகீழாக்கி, ஐந்து கேள்விகளை இந்த வரிசையில் கேட்பது நல்லது.

1. எந்த விலங்கு?

வேட்டையாளர்களிடம் நெடுங்காலமாக ஒரு வழக்குக் கணக்கு இருக்கிறது: குண்டு படும் இடத்தில் மானுக்கு 1,000 அடி-பவுண்டு, எல்க்குக்கு 1,500. இது அறிவியல் விதி இல்லை. எங்கே பட்டது என்பதுதான் ஆற்றலைவிட முக்கியம். ஸ்வீடனில் 6.5x55 என்ற மிதமான தோட்டாவால் நூறு வருஷத்துக்கும் மேலாக மூஸ் வேட்டையாடுகிறார்கள். ஆனாலும் ஒரு வேகத்தடை போல இந்தக் கணக்கு உதவும். இதன்படி கிரீட்மோருக்கு எல்க் வேட்டையில் எல்லை 400 கெஜத்துக்குச் சற்று முன்னால். 7 பி.ஆர்.சி.க்கு 800-ஐத் தாண்டும்.

2. எந்தக் குண்டு, எந்த வேகத்தில் விரியும்?

கேலிபர் சண்டையில் எல்லோரும் மறக்கும் கேள்வி இது. வேட்டைக் குண்டு உடலுக்குள் பூப்போல விரிந்தால்தான் வேகமாகக் கொல்லும். வேகம் ரொம்பக் குறைந்துபோனால் விரியாமல் ஊசி போலத் துளைத்துப் போய்விடும். பொதுவாக விநாடிக்கு 1,800 அடியைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். என் ஷீட்டின்படி .308 இந்த எல்லையை 550 கெஜத்திலும், கிரீட்மோர் 690-லும், 7 பி.ஆர்.சி. 985-லும் தொடுகின்றன. கொலராடோ மலைகளின் மெல்லிய காற்றில் இவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை. வேட்டையின் மிச்சத்தைத் தின்னும் கலிஃபோர்னியா காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் சாவதுதான் முக்கியக் காரணம். அங்கே செம்புக் குண்டு போட வேண்டும். அதே எடைக்குச் செம்பு நீளமாக இருக்கும், அதனால் வேகமான சுழற்சி வேண்டும். விரிவதற்குப் பொதுவாகக் கூடுதல் வேகமும் வேண்டும். புதுத் தோட்டாக்களின் வேகச் சுழற்சிப் பேரல் உண்மையிலேயே உதவும் இடம் இது.

3. எவ்வளவு தூரத்தில் உங்களால் அடிக்க முடியும்?

சுடுதளத்தில் மேஜை போட்டு, மணல் மூட்டை வைத்து, பத்து ரவுண்டு சுட்டுச் சூடான கையோடு அடிப்பது கணக்கில் வராது. மலை ஏறி மூச்சு வாங்கும்போது, பையை முட்டுக்கொடுத்துப் படுத்தோ உட்கார்ந்தோ, அன்றைய முதல் குண்டை அடிக்க வேண்டும். எல்க் என்றால் 12 இன்ச் தகடு, மான் என்றால் 8 இன்ச் தகடு. வெவ்வேறு நாட்களில் பத்து முதல் குண்டுகள் சுட்டு, பத்தும் பட்ட தூரம்தான் உங்கள் தூரம். எட்டு பட்டால் போதாதா என்று கேட்கலாம். மீதி இரண்டும் ஒரு விலங்கின் வயிற்றில் படும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இந்தச் சோதனை பலருடைய எண்ணை 300 கெஜத்துக்கும் கீழே இறக்கிவிடும். அந்தத் தூரத்தில் இந்தப் பட்டியலில் உள்ள எந்தத் தோட்டாவும் மானுக்கும் எல்க்குக்கும் போதும்.

4. எவ்வளவு ரீகாயில் தாங்குவீர்கள்?

'தோள் வலிக்குமா' என்பது கேள்வியே இல்லை. உதை வரப்போகிறது என்று மூளைக்குத் தெரிந்ததும், விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் உடல் தானாகச் சுருங்கும், கண் மூடும், பேரல் நுனி ஆடும். 500 கெஜத்தில் நுனியின் மிகச் சிறிய அசைவும் பல இன்ச் பிசகாகும். ரீகாயில் கூடினால் பயிற்சியும் குறையும்: தோட்டா விலை அதிகம், பேரல் சீக்கிரம் தேயும், இருபது குண்டு சுட்டதும் போதும் என்று தோன்றும். 12 அடி-பவுண்டு உதைக்கும் ரைஃபிளில் வருஷத்துக்கு 300 குண்டு பயிற்சி எடுத்தவரும், 30 உதைக்கும் ரைஃபிளில் 30 குண்டு சுட்டவரும் ஒரே இடத்தில் நின்றால் யார் கையில் விலங்கு வேகமாகச் சாகும் என்று நீங்களே சொல்லுங்க.

5. அந்த ஊர்க் கடையில் கிடைக்குமா?

2020, 2021-ல் அமெரிக்கா முழுக்கத் தோட்டாத் தட்டுப்பாடு வந்தது. விமானத்தில் பெட்டி தொலைந்து, வேட்டைக்குப் போன சின்ன ஊரில் ஒரே ஒரு கடை இருந்தால், அங்கே .308, .30-06, .270 கிடைக்க வாய்ப்பு அதிகம். இப்போ கிரீட்மோரும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. புதுத் தோட்டாக்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்

வெள்ளைவால் மான், 300 கெஜத்துக்குள்: வீட்டில் ஏற்கெனவே எந்த ரைஃபிள் இருக்கிறதோ அது. புதிதாக வாங்கினால் 6.5 கிரீட்மோர். குறைந்த உதை, தாராளமான பயிற்சி.

எல்க், 400 கெஜம் வரை: .270, .30-06, 6.5 பி.ஆர்.சி. மூன்றும் வசதியாக வேலை செய்யும். .270 வைத்திருப்பவர் அதை விற்க எந்தக் காரணமும் இல்லை.

எல்க், திறந்த மலைச்சரிவு, 400 கெஜத்துக்கு மேல், பத்துக்குப் பத்து சோதனையில் தேறியவர்: இங்கேதான் 7 பி.ஆர்.சி.க்கு அர்த்தம் வருகிறது. அதன் 175 கிரெய்ன் குண்டு காற்றைத் தாங்குகிறது, தூரத்திலும் விரிகிறது. .300 மேக்னத்தைவிட உதையும் குறைவு.

மூன்றாவது வகையில் நீங்கள் இருக்கிறீர்களா என்று தெரியாவிட்டால், நீங்கள் அதில் இல்லை. அப்போது மேக்னத்துக்குக் கூடுதலாகப் போகும் பணத்தைப் பயிற்சித் தோட்டாவிலும் காற்றைப் படிக்கும் வகுப்பிலும் போடுவதுதான் லாபம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க

ஆபீஸ் நண்பர் 'ஒரு நாள் ரேஞ்சுக்கு வாயேன்' என்று கூப்பிடலாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது சட்டம் தரும் விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. மாநிலச் சட்டங்கள் தனி. விசா சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், நண்பர் சொன்னார் என்று போகாமல் வழக்கறிஞரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வேட்டைக்கோ ரேஞ்சுக்கோ கொண்டுபோன அதே பையை ஊருக்கு வரும்போது எடுத்து வராதீங்க. பக்கவாட்டு ஜிப்புக்குள் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரலாம். 'தெரியாம இருந்துச்சு சார்' என்பதை நிரூபிக்க நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு.

கடைசியாக, காபி மெஷின் சண்டைக்கு வருவோம். அடுத்த தடவை யாராவது 'எது பெஸ்ட்?' என்று கேட்டால் ஒரு கேள்வியை மட்டும் திருப்பிக் கேளுங்க: "போன வருஷம் எத்தனை நாள் காற்றில் நின்று சுட்டுப் பழகினாய்?" பதில் ஒற்றை இலக்கத்தில் இருந்தால், எந்தத் தோட்டா வாங்கினாலும் அவருடைய தூரம் மாறப்போவதில்லை.